நூலைப் போல் இல்லாத சேலை

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். சாமந்தியிடம் இந்தப் பழமொழி செல்லாது. பல ரகங்கள் கலந்து நிற்கும் தோட்டத்தில் ஒரு மஞ்சள் சாமந்தி கொடுத்த விதைகளில் நூறு எடுத்து முளைக்க வைத்துப் பாருங்கள். பூக்கிற நாளில் நூறும் நூறு விதமாக நிற்கும். வெள்ளை வரும், ஊதா வரும், செங்கல் நிறம் வரும். ஒன்று நெடுநெடுவென இடுப்புயரம் வளர்ந்து சாயும். பக்கத்திலேயே இன்னொன்று சாண் உயரத்தோடு நின்றுவிடும். ஒன்றில் பொத்தான் அளவுப் பூ, ஒன்றில் உள்ளங்கை நிறையும் பூ. தாயை உரித்து வைத்தாற்போல் ஒன்றுகூட இருக்காது.

அதே தாய்ச்செடியின் நுனித்தளிரை நாலு விரல் நீளத்துக்குக் கிள்ளி ஈர மணலில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். அது வளர்ந்து பூக்கும்போது நிறம், உயரம், இதழின் வளைவு, பூக்கும் மாதம் எல்லாம் தாயேதான். அதிலிருந்து மறுபடி கிள்ளி ஊன்றினாலும் அதேதான். நூறு ஆண்டு கிள்ளிக் கிள்ளி ஊன்றிக்கொண்டே இருந்தாலும் அநேகமாக அதேதான். அந்த ‘அநேகமாக’வுக்குள் ஒரு தனிக்கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

விதை வழியே போனால் ஓயாத புதுமை. குச்சி வழியே போனால் மாறாத நிலை. இரண்டையும் ஒரே செடிக்குள் வைத்திருக்கிறது படைப்பு. தொட்டிச் சாமந்தியில் புது ரகம் காண்பவர்களின் தொழில் முழுவதும் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. இன்னார் புது ரகத்தை உருவாக்கினார் என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சின்னச் சிரிப்பு வரும். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனை ஆண்டு வெயிலில் நின்றிருப்பார் என்பது தெரியும். ஆனால் உருவாக்கியவன் வேறு ஒருவன். இவர் தேடி எடுத்தவர். அப்படிச் சொல்வதால் இவருடைய பெருமை ஒரு மாற்றும் குறையாது என்பது என் கட்சி.

முதலில் பூவைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு சாமந்திப் பூ என்று நாம் கையில் எடுப்பது உண்மையில் ஒரு பூவே கிடையாது. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரே தட்டில் கூடி உட்கார்ந்திருக்கும் சபை அது. சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் இதே குடும்பம். சுற்றிலும் இதழ் என்று நாம் எண்ணுவது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அதன் அடியில் சூலகம் உண்டு, மகரந்தம் கிடையாது. பெண்பூ. நடுவில் மஞ்சள் வட்டாகத் தெரிகிறதே, அங்கே இருப்பவை இருபாலும் ஒன்றாக உள்ள சிறுபூக்கள். நாம் மாலைக்கு விரும்பும் அடுக்குப் பூக்களில் இந்த நடுவட்டு சுருங்கி, இதழ்ப் பூக்கள் பெருகியிருக்கும்.

நடுவட்டின் ஒரு சிறுபூவைக் குண்டூசியால் பிரித்தெடுத்துக் கைலென்ஸில் வைத்துப் பாருங்கள். ஐந்து பல்லுள்ள ஒரு சின்னக் குழாய். அதற்குள் ஐந்து மகரந்தப் பைகள் பக்கத்தில் பக்கம் ஒட்டி, குழாய்க்குள் இன்னொரு குழாயாக நிற்கின்றன. அவை வெளிப்பக்கம் வெடிப்பதில்லை. மகரந்தத்தை உள்பக்கமாகக் கொட்டுகின்றன. இப்போது அடியிலிருந்து சூலகத்தண்டு மெல்ல வளரத் தொடங்கும். அதன் நுனியில் மயிர்கள் தூரிகையாக வளர்ந்திருக்கும். முறுக்கு உழக்கில் மேலிருந்து அழுத்தி மாவைக் கீழே இறக்குவோம். இங்கே அதே வேலை தலைகீழாக நடக்கிறது. தண்டு கீழிருந்து தள்ளத் தள்ள மகரந்தம் குழாயின் வாயில் மஞ்சள் பொடியாகக் குவிகிறது. தேனீ வந்து காலில் அப்பிக்கொண்டு போகும். அதுவரை தண்டின் நுனி மூடியே இருக்கும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகுதான் அது இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் வளைந்து, அடுத்த செடியின் மகரந்தத்தை வாங்கத் தயாராகும். முதலில் ஈதல், பிறகு ஏற்றல். சில மில்லிமீட்டர் நீளமுள்ள குழாய்க்குள் இத்தனை ஒழுங்கு. அதுவும் ஒரே நாளில் எல்லாம் திறந்துவிடாது. வெளிவட்டம் முதலில், மறுநாள் அதற்கு உள்வட்டம் என்று நாள் கணக்கில் நடக்கும். வண்டு ஒரு நாள் வராவிட்டாலும் மறுநாளுக்குப் பூ மிச்சம் இருக்கிறது.

இத்தனை ஏற்பாட்டையும் மீறித் தன் மகரந்தமே தன் மேல் விழுந்துவிட்டால்? செடி அதை ஏற்றுக்கொள்ளாது. மகரந்தத் துகளின் மேல்பூச்சில் அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம் இருக்கிறது. சூலகமுடி அந்த அடையாளத்தைப் படிக்கிறது. தன்னுடையது என்று தெரிந்தால் மகரந்தக் குழல் உள்ளே இறங்காது, விதை பிடிக்காது. நெருங்கிய உறவில் கொண்டு கொடுத்தால் வம்சம் மெலியும் என்பது சாமந்திக்கு யாரும் சொல்லித் தராமல் தெரிந்திருக்கிறது.

இதில் இன்னொரு வியப்பு உண்டு. நிலக்கோட்டைப் பக்கமோ ராயக்கோட்டைப் பக்கமோ ஏக்கர் கணக்கில் ஒரே ரகச் சாமந்தி நிற்கும். அத்தனையும் தூர்க்கன்றிலும் நுனிக்குச்சியிலும் வந்தவை. கண்ணுக்கு ஆயிரமாயிரம் செடி. மரபுக் கணக்கில் ஒரே செடி. ஆகவே அந்தக் காடு முழுக்கத் தேனீ நாளெல்லாம் சுற்றினாலும் விதை பிடிப்பது அரிது. பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் கதை மாறும். புதியது பிறக்க அயலார் வேண்டும் என்று செடியே விதி வைத்திருக்கிறது.

ஐரோப்பாவுக்குச் சாமந்தி போன கதையிலும் இந்த விதியின் கை தெரிகிறது. 1789இல் பியேர் பிளாங்கார் என்ற வணிகர் சீனாவிலிருந்து மூன்று ரகங்களை மார்செய் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார். கடற்பயணத்தில் பிழைத்தது ஒன்றே ஒன்று, ஊதாப் பூ. அந்த ஒற்றை ரகத்தைக் குச்சி வைத்து எவ்வளவு பெருக்கினாலும் பிள்ளை ஏது? சீனாவிலிருந்து மேலும் மேலும் ரகங்கள் கப்பல் ஏறி வர வேண்டியிருந்தது. 1820களில்தான் பிரான்சின் தென்பகுதியில் தூலூஸ் நகரில் பெர்னே என்ற முன்னாள் படைவீரர் விதையிலிருந்து நாற்றுகளை எழுப்பினார். அங்கே இலையுதிர் காலம் விதை முற்றும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அதன் பிறகுதான் ஐரோப்பியச் சாமந்தி என்று ஒன்று பெருகத் தொடங்கியது. சீனர்களோ 1104லேயே சாமந்தி ரகங்களைப் பட்டியலிட்டுத் தனி நூல் எழுதிவிட்டார்கள். லியூ மெங் என்பவர் எழுதியது.

இனிக் கலப்பு செய்பவரின் மேசைக்குப் போவோம். தாயாகத் தேர்ந்த செடி அடுக்குப் பூவாக இருந்தால், நீண்ட இதழ்களுக்குள் சூலகத்தண்டுகள் புதைந்து கிடக்கும். சின்னக் கத்தரிக்கோலை எடுத்து இதழ்களை அடியோரம் கொஞ்சம் மட்டும் விட்டு வெட்டிவிடுவார்கள். பார்க்க மனசு கேட்காது. தட்டில் மழித்த தலையாகப் பூ நிற்கும். ஓரிரு நாளில் வெட்டிய குழாய்களுக்குள்ளிருந்து கவைக்கோல் வடிவில் சூலகமுடிகள் எட்டிப் பார்க்கும். தந்தைச் செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் தொட்டு அவற்றின் மேல் தடவி, வெண்ணெய்த்தாள் உறை மாட்டி, இன்ன தாய், இன்ன தந்தை, இன்ன தேதி என்று சீட்டுக் கட்டுவார்கள். வட்டம் வட்டமாகத் திறப்பதால் தடவலும் பல நாள் தொடரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் விதை முற்றும். இரண்டு மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். எருக்கு விதைக்கு உள்ள பஞ்சு இதற்கு இல்லை. ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு லேசு.

விதைக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தந்தையும் தாயும் தெரிந்த அந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. காரணம் சாமந்தியின் உடற்கட்டில் இருக்கிறது. நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. பயிரிடும் சாமந்திக்கு ஆறு பிரதி. ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதி, பெரும்பாலான ரகங்களில் மொத்தம் 54. சிலவற்றில் ஒன்றிரண்டு கூடியும் குறைந்தும் இருக்கும். அதனால் செடி சாவதும் இல்லை. 2023இல் சீன ஆய்வாளர்கள் ஒரு சாமந்தி ரகத்தின் மரபுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். பாதித் தொகுதியிலேயே எழுத்துகள் சுமார் 800 கோடி. அதே கணக்கில் மனிதனுக்கு 310 கோடி சொச்சம். தெருவோரம் முழம் போட்டு விற்கும் பூவுக்கு நம்மைவிட இரண்டரை மடங்கு நீளமான ஏடு!

இதன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். குட்டை உயரம் என்ற குணம் மறைந்து நிற்கும் குணம் என்றும், தாய், தந்தை இருவரிடமும் பிரதிகளில் பாதி அதைத் தாங்கியவை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதிச் செடியாக இருந்தால் நாலு பிள்ளைக்கு ஒன்று குட்டையாகும். ஆறு பிரதிகளும் தங்களுக்குள் தாராளமாகக் கலந்து பிரிந்தால், குட்டைக் குணம் மட்டுமே உள்ள மகரந்தம் இருபதில் ஒன்றுதான், கருமுட்டையும் அப்படியே. ஆக 400 பிள்ளைக்கு ஒன்று. இப்படி மூன்று குணங்கள் ஒரே செடியில் சேர வேண்டுமென்றால் இரண்டு பிரதிச் செடியில் 64க்கு ஒன்று. ஆறு பிரதிச் செடியில் 6 கோடியே 40 லட்சத்துக்கு ஒன்று. ஒளிந்திருப்பது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு! கலப்பு செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து, அதில் விரல்விட்டு எண்ணும் அளவே நிறுத்தி, மற்றதையெல்லாம் எருக்குழியில் போடுவது இதனால்தான்.

தொட்டிக்கு என்று வந்துவிட்டால் தேர்வு இன்னும் கடுமை. வயலில் வளரும் உதிரிப்பூ ரகத்துக்கு எடையும் நிறமும் இருந்தால் போதும். தொட்டிச் செடியோ முழுசாகக் கண்முன் நிற்கிறது; அதன் உருவமே சரக்கு. ஒரு சாண் தொட்டிக்குள் வேர் அடங்க வேண்டும். அடியிலிருந்தே கிளைத்துக் குடையாக விரிய வேண்டும். கீழிலை பழுக்கக் கூடாது. மொட்டெல்லாம் சேர்ந்தாற்போல் ஒரே வாரத்தில் விரிய வேண்டும், விரிந்தது வாரக்கணக்கில் நிற்க வேண்டும். தண்டு காற்றுக்கு ஒடியக் கூடாது, வெள்ளைத் துரு நோய்க்கு இடம் கொடுக்கக் கூடாது, வெயில் ஏறினாலும் மொட்டு பின்வாங்கக் கூடாது. விதையிலிருந்து வந்த ஒற்றைச் செடியில் இதெல்லாம் இருப்பதாகத் தோன்றினால் அதைக் குச்சி வைத்துப் பெருக்கி, பருவத்துக்குப் பருவம் சோதிக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு அதிலேயே போய்விடும்.

சாதாரணச் சாமந்தியை வளர்த்தவர்களுக்கு இரண்டு வேலை தெரியும்: நுனி கிள்ளுவது, கம்பு நட்டுக் கட்டுவது. நுனிமொட்டு ஆக்சின் என்ற சாற்றைக் கீழே அனுப்பிப் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் தடை நீங்கிப் பக்கக்கிளை வெடிக்கும். தாமே உயர்ந்து சாயும் செடிகளுக்குக் கம்பு வேண்டும். லக்னோவில் சிக்கந்தர் பாக் வளாகத்தில் இருக்கும் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டு முயன்று, கிள்ளவும் வேண்டாம், கம்பும் வேண்டாம் என்னும் சிறு சாமந்தி ரகங்களைக் கண்டெடுத்தது. தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். செடி தானே கிளைத்து, தானே அரைவட்டமாகக் குவிந்து, இலை தெரியாமல் பூக்கும். குளிர்காலத்தில் அங்கே நடக்கும் சாமந்திக் கண்காட்சியில் இந்தச் சிறு ரகங்கள் வரிசையாக நிற்கும். எந்தத் தோட்டக்காரர் கிள்ளி எந்த அளவில் நிறுத்தினாலும் இத்தனை ஒழுங்கான குவிமாடம் வராது. எங்கே கிளைக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற தீர்மானம் விதை உண்டான அன்றே உள்ளே எழுதப்பட்டுவிட்டது; ஆயிரம் செடிக்கு நடுவே அதைப் படித்தறிந்த கண் ஆய்வாளருடையது.

வடிவம் இப்படி என்றால், நேரம் அறியும் திறன் இதைவிடப் பெரிது. ஓசூர், சிக்கபள்ளாப்பூர் பக்கம் இரவில் பேருந்தில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். நடு வயலில் வரிசை வரிசையாக பல்பு எரியும். திருவிழாவா என்று கேட்பவர்களும் உண்டு. சாமந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இரவு நீண்டால் மொட்டு வைக்கும். நள்ளிரவில் சில மணி நேரம் விளக்குப் போட்டால், நீண்ட இரவு இரண்டு குட்டை இரவாக உடைந்து, செடி இன்னும் காலம் வரவில்லை என்று இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். விலை கூடும் மாதத்துக்குப் பூவைத் தள்ளிவைக்க இதுதான் வழி. கோடையிலேயே பூ வேண்டுமென்றால் தலைகீழ் வேலை: மாலை ஐந்து மணிக்குக் கறுப்புத் துணியால் மூடிக் காலை ஏழு, எட்டு மணிக்குத் திறப்பார்கள். தொட்டி ரகங்கள் இருட்டுக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து பெரும்பாலும் எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். ரகத்துக்கு ரகம் அந்த வாரக் கணக்கு மாறும். ஒரே ரகத்துக்குள் மாறாது.

இருட்டை அளப்பது எது? 1930களில் மாஸ்கோவில் மிகாயில் சைலாக்கியான் என்ற ஆய்வாளர் இதைச் சாமந்தியை வைத்தே சோதித்தார். செடியின் மேற்பாதி இலைகளை உருவி மொட்டையாக்கினார். கீழ்ப்பாதி இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவு கொடுத்தார். மேல் நுனிக்கு வெளிச்சம். நுனி பூத்தது. மாற்றிச் செய்தார், நுனிக்கு இருட்டு, இலைக்கு வெளிச்சம். பூக்கவில்லை. அளப்பது இலை, பூப்பது நுனி. இலையிலிருந்து ஏதோ ஒரு செய்தி தண்டு வழியே நுனிக்கு ஏறுகிறது என்றார். அந்தச் செய்திக்கு ‘ஃபுளோரிஜன்’ என்று பெயர் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியாக எழுபது ஆண்டு ஆயிற்று. 2013இல் ஜப்பானியர்கள் காட்டுச் சாமந்தி ஒன்றில் அதற்கு எதிர்ப்புரதத்தையும் கண்டார்கள்: இரவு குட்டையாக இருக்கும்வரை, பூக்காதே, பொறு என்று இலை அனுப்பும் செய்தி அது. பூக்கத் தெரிவது பெரிதா, பூக்காமல் காத்திருக்கத் தெரிவது பெரிதா? நமக்கு இரண்டாவதுதான் வராது.

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சாமந்தியைப் பார்த்தால் அதில் மஞ்சள் சாயம் இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2006இல் ஜப்பானில் செய்த ஆய்வு வேறு சொன்னது. வெள்ளை இதழும் மஞ்சள் நிறமியை உண்டாக்குகிறது. கூடவே அதை வெட்டிச் சிதைக்கும் ஒரு நொதியையும் உண்டாக்குகிறது. ஒரு பக்கம் தீட்டி, மறு பக்கம் அழித்து, அழித்து மிஞ்சியதுதான் நாம் காணும் வெண்மை. அந்த நொதியின் மரபணுவை அடக்கினால் வெள்ளைப் பூ மஞ்சளாகிறது. செங்கல் நிறமும் அரக்கும், மஞ்சள் நிறமியின் மேல் செவ்வூதா நிறமி படர்வதால் வருபவை. இந்த இரண்டு மூன்று சாயங்களின் கூட்டலிலும் கழித்தலிலும்தான் கண்காட்சியின் அத்தனை வண்ணமும்.

நீலம் மட்டும் சாமந்திக்குக் கொடுக்கப்படவில்லை. அதற்கான நிறமியை உண்டாக்கும் நொதி அதனிடம் இல்லை. 2017இல் நவோனோபு நோதா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு, மணிப்பூ என்ற கம்பானுலா செடியிலிருந்து ஒரு மரபணுவும், நம் வேலியில் படரும் சங்குப்பூவிலிருந்து ஒரு மரபணுவும் எடுத்துச் சாமந்திக்குள் வைத்தது. உண்மையான நீலம் வந்தது. எனக்கு இதில் வியப்பு அந்த இரண்டு மரபணுக்களில் இல்லை. அவை தந்த நிறமி தனியாக நீலம் காட்டாது. சாமந்தி இதழில் முன்பே இருந்த நிறமற்ற ஒரு பொருளோடு கைகோத்த பிறகுதான் நீலமானது. பாதி நீலம் யாருக்கும் தெரியாமல் இதழுக்குள் காத்திருந்திருக்கிறது. பூக்கடையில் சாய நீரை உறிஞ்ச வைத்து விற்கும் நீலச் சாமந்தியை மட்டும் தயவுசெய்து இதோடு சேர்க்காதீர்கள். எனக்கு அது கண்ணுக்கும் பிடிக்காது, மனசுக்கும் பிடிக்காது.

இப்போது அந்த ‘அநேகமாக’. குச்சி வழியே போனால் மாறாத செடி, எப்போதாவது ஒரு கிளையில் மட்டும் வேறு நிறத்தில் பூத்துவிடும். வெள்ளைச் செடியில் ஒரே ஒரு மஞ்சள் கிளை. விதை இல்லை, மகரந்தம் இல்லை, யாரும் தொடவில்லை. வளரும் நுனியில் ஏதோ ஒரு செல்லின் எழுத்து மாறிவிட்டது, அவ்வளவுதான். அழிக்கும் நொதி அங்கே வேலை நிறுத்திவிட்டால் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வந்துவிடுகிறது. அந்தக் கிளையை ஊன்றினால் புது ரகம். உலகின் புகழ்பெற்ற சாமந்தி ரகங்களில் பல இப்படி வந்தவை.

இயற்கை அரிதாகச் செய்வதை அடிக்கடி செய்ய வைக்கத்தான் காமாக் கதிர். வேர்விட்ட குச்சிகளைக் கோபால்ட் 60 உள்ள அறையில் வைத்து 15 முதல் 25 கிரே வரை கதிர் காட்டுவார்கள். மனித உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் 5 கிரே வாங்கினால் பிழைப்பது அரிது. சாமந்திக் குச்சி அதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சுணங்கி, மறுபடி துளிர்க்கிறது. ஆறு பிரதி இருப்பதன் அருமை இங்கே தெரியும்; ஒன்றில் பழுது வந்தால் தாங்கிக்கொள்ள மற்றவை இருக்கின்றன. லக்னோ நிறுவனம் இந்த வழியில் பல நிற ரகங்களைக் கண்டது. புது டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ‘அஜய்’ என்ற ரகத்துக்குக் கதிர் காட்டி ‘பூசா அன்மோல்’ என்ற ரகத்தைப் பெற்றது. பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பூக்கும் செடி அது.

கதிர்பட்ட செடியில் சில நேரம் ஒரு கிளைகூட மாறாது. ஒரு பூவில் நாலு இதழ் மட்டும் மாறும். நாலு இதழை எப்படி ஊன்றுவது? இதழையே வெட்டி ஊட்டக் கூழில் வைக்கிறார்கள். அந்த இதழின் திசுவிலிருந்து மொட்டு கிளம்புகிறது, தண்டு வருகிறது, வேர் வருகிறது, முழுச்செடி நிற்கிறது, அது அந்த நாலு இதழின் நிறத்தில் பூக்கிறது. நாளை வாடி உதிரப் போகும் இதழின் ஓரத்துச் செல்லிலும், வேரை எப்படி விட வேண்டும் என்பது மறக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் இதை அன்றாடம் செய்கிறவர்களுக்குப் பழகிப்போயிருக்கலாம். நினைக்க நினைக்க எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

சாமந்திதான் செவ்வந்தி. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். தலபுராணமே செவ்வந்திப் புராணம்தான். சாரமா முனிவர் நாகலோகத்திலிருந்து செவ்வந்தி கொண்டு வந்து உறையூரில் நந்தவனம் வைத்து இறைவனுக்குச் சாத்தி வந்தார். ஒருவன் அந்தப் பூவைத் திருடிச் சோழ மன்னனிடம் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் மன்னன் கண்டுகொள்ளவில்லை. கிழக்கே பார்த்திருந்த இறைவன் மேற்கே திரும்பி உறையூர்மேல் மண்மாரி பொழிந்தார் என்கிறது புராணம். பூ வளர்த்தவனின் உரிமைக்காகச் சாமி திரும்பி உட்கார்ந்த ஊர் நம்முடையது. இன்று அந்த உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, வேறுபட்டது, ஒரே சீரானது, மாறாதது என்று மூன்றையும் மெய்ப்பித்தால் புதுச் சாமந்தி ரகத்தைப் பதியலாம். 15 ஆண்டு வரை பாதுகாப்பு உண்டு.

ஆகவே சாமந்தி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொட்டை மாடித் தொட்டியிலோ வயலிலோ ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தால், கலப்படம் என்று கிள்ளி எறிந்துவிடாதீர்கள். அந்தக் கிளையின் அடியில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். பூ ஓய்ந்ததும் அதே கிளையில் வரும் பக்கத்தளிரைக் கிள்ளி மணலில் ஊன்றுங்கள். அடுத்த பருவத்திலும் அதற்கடுத்த பருவத்திலும் அதே நிறத்தில் பூத்தால், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். உழவர் கண்டெடுத்த ரகத்தைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது.